வக்காலத்து

தம்பிக்காக அம்மா ஒரு வார்த்தை பேசினால் போதும், "நீ ஏன் வக்காலத்து வாங்குறே?" என்று எகிறுகிறது வீடு. யாரும் கேட்காமலே பரிந்து பேசுவது என்றே இந்தச் சொல் இன்று பொருள்படுகிறது. நீதிமன்றத்திலோ நேர் எதிர்: கட்சிக்காரர் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் வக்காலத்து கிடையாது. அரபு மூலத்துக்கு 'ஒப்படைப்பு' என்று பொருள், ஒப்படைக்கப்பட்டவர் வக்கீல். நவாபு காலத்தில் ஓர் அரசர் இன்னொருவர் தர்பாரில் வைத்திருந்த தூதருக்கும் அதுதான் பெயர். வக்காலத்து பாரசீகம் வழியே வந்து, இப்போது குடும்ப நல நீதிமன்ற வாசலில் நிற்கிறது. சண்டையில்லாமல் பிரியும் இந்துத் தம்பதிக்கு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு உண்டு, 1976இல் சேர்க்கப்பட்டது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்கில் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்றது உச்ச நீதிமன்றம், 2017இல். இருவருக்கும் மனு ஒன்றேயானாலும், வக்கீலை அமர்த்துகிறவர் வக்காலத்தில் கையெழுத்திட்டே ஆகவேண்டும். 'விவாகரத்து' பாதி வடமொழி, பாதி அரபு. ரத்து என்றாலே எனக்கு ரயில் பயணச்சீட்டு நினைவு வருகிறது. அதனால், மணமுறிவு வீட்டில் நடப்பது, நீதிமன்றம் தருவது மணவிலக்கு என்று பிரித்துக்கொள்வேன். வக்காலத்தைச் 'சார்புரிமைப் பத்திரம்' எனலாம். ஆனால், "சார்புரிமைப் பத்திரம் வாங்காதே" என்று எந்த வீட்டிலும் யாரும் கத்தப்போவதில்லை.