ஒரே கணினியில் சாம்பிளரும் சீக்வென்சரும்

ஒரு வாத்தியத்தின் ஒலியை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிந்து வைத்துக்கொண்டு, கீபோர்டில் கட்டையை அழுத்தியதும் அந்தப் பதிவையே ஒலிக்கவிடுவது சாம்பிளர். எந்த ஸ்வரம் எப்போது, எவ்வளவு அழுத்தத்தோடு, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதைக் காலம் பிசகாமல் சொல்லிக்கொண்டே போவது சீக்வென்சர். இரண்டும் கணினிக்கு ஏற்ற வேலைகள்தான். ஆனால் இரண்டையும் ஒரே சாதாரணக் கணினியில் தடங்கலின்றி ஓட்டுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. பிராசசரின் வேகம் போதாதது ஒரு காரணம். இரண்டு மென்பொருள்களும் ஒரே சவுண்ட் கார்டுக்கும் ஒரே ஹார்ட் டிஸ்குக்கும் போட்டியிட்டது அதைவிடப் பெரிய காரணம்.

தொடக்கத்தில் இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான் இருந்தன. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கி 1979-இல் வெளியிட்ட ஃபேர்லைட் சி.எம்.ஐ., எட்டு ஒலிகளை ஒரே நேரத்தில் எழுப்பும். ஒவ்வொன்றுக்கும் 16 கிலோபைட் நினைவகம். ஏறத்தாழ ஒரு நொடி ஒலியே அதில் அடங்கும். 1982-இல் வந்த இரண்டாம் வரிசையில் 'பேஜ் ஆர்' என்ற சீக்வென்சரும் சேர்ந்தது. ஸ்வரங்களைத் திரையில் வரைந்து, அவை தாளத்தோடு ஓடுவதை இசையமைப்பாளர் கண்ணால் பார்க்க முடிந்தது. அதன் விலையோ பல்லாயிரம் பவுண்டு. பெரிய ஸ்டூடியோக்களும் வசதி படைத்த சில கலைஞர்களும் மட்டுமே அதை வாங்கினார்கள்.

1983-இல் வந்த மிடி என்ற இணைப்பு முறை சாம்பிளரையும் சீக்வென்சரையும் பிரித்து வைத்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கேபிள் வழியாகப் பேசிக்கொள்ளலாம் என்றானதும், சீக்வென்சர் கணினிக்குப் போயிற்று, சாம்பிளர் தனிப் பெட்டியாயிற்று. 1985-இல் வந்த அடாரி எஸ்.டி. கணினியில் மிடி துளைகள் பிறவியிலேயே இருந்தன. ஹாம்பர்க்கின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989-இல் க்யூபேஸை அந்தக் கணினிக்காகத்தான் எழுதியது. ஒலி பிறந்ததோ பக்கத்து ரேக்கில் இருந்த அகாய் எஸ்900, எஸ்1000 போன்ற சாம்பிளர்களில். தமிழ்த் திரையிசையில் 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினி வழி சீக்வென்சிங்கைப் பயன்படுத்தியது இந்தக் காலத்தில்தான்.

பிரிந்திருந்ததில் ஒரு நன்மை இருந்தது: ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிடுவதில்லை. குறையும் இருந்தது. மிடி நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடுகிறது. ஒரு ஸ்வரத்தைத் தொடங்கச் சொல்லும் செய்திக்கு ஏறக்குறைய ஒரு மில்லிநொடி ஆகும். பத்து ஸ்வரங்களை ஒரே நேரத்தில் வாசித்தால், கடைசி ஸ்வரம் முதலாவதைவிட ஒன்பது மில்லிநொடி தாமதமாகப் போய்ச் சேரும். நிறைய சேனல்களில் தாள வாத்தியங்கள் ஓடும்போது இந்தப் பிசகு காதுக்கே தெரியும்.

அடாரி எஸ்.டி. வெளியான அதே 1985-இல் வந்த கமடோர் அமிகா கணினி வேறொரு வழியைக் காட்டியது. அதன் 'பவுலா' சிப்பில் எட்டு பிட் தரத்தில் நான்கு ஒலித்தடங்கள். பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் சிப்பே நினைவகத்திலிருந்து சாம்பிள்களை, அதாவது பதிந்த ஒலிகளை, எடுத்து ஒலிக்கும். ஜெர்மனியின் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி 1987-இல் எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் இந்த வசதியின் மேல் நின்றது. திரையில் நான்கு பத்திகள் கீழிருந்து மேலாக ஓட, சாம்பிளர், சீக்வென்சர் இரண்டின் வேலையையும் ஒரே மென்பொருள் செய்தது. ஒலிகளும் குறிப்பும் ஒரே கோப்பில் அடங்கின. வீட்டுக் கணினியில் இசை செய்த இளைஞர் தலைமுறை ஒன்று இதிலிருந்து வளர்ந்தது. இதன் பெருமை இசை வரலாறுகளில் போதிய அளவு பதிவாகவில்லை. ஆனால் ஒரு முழு பியானோவையோ ஆர்கெஸ்ட்ராவையோ நான்கு தடங்களில் அடக்க முடியாது.

முழு பியானோவின் கணக்கைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். சி.டி. தரத்தில் ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். பியானோவில் 88 கட்டைகள். ஒவ்வொன்றையும் மெதுவாகவும் அழுத்தமாகவும் பல படிகளில் பதிய வேண்டும். கீழ் ஸ்தாயி ஸ்வரங்கள் அடங்கவே பல நொடிகள் ஆகும். மொத்தம் எளிதாக ஒரு கிகாபைட்டை எட்டிவிடும். 1990-களின் இறுதியில் நல்ல கணினியிலேயே ரேம் 64 அல்லது 128 மெகாபைட்தான் இருந்தது. அதனால் அதுவரை சாம்பிளர்கள் ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் பதிந்து, மிச்சத்தை லூப் போட்டு நீட்டின. கூர்ந்து கேட்பவர்களுக்கு அந்தப் பியானோ செயற்கையாகவே ஒலித்தது.

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் இயங்கிய நெமசிஸ் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட கிகாசாம்ப்ளர் இந்த வரம்பை உடைத்தது. ஒவ்வொரு சாம்பிளின் முதல் துண்டு மட்டும் ரேமில் தயாராக இருக்கும். கட்டை அழுத்தப்பட்டதும் அந்தத் துண்டு உடனே ஒலிக்கத் தொடங்கும்; அது முடிவதற்குள் அடுத்த பகுதியை மென்பொருள் ஹார்ட் டிஸ்கிலிருந்து வரவழைத்துவிடும். ஹார்ட் டிஸ்கின் தாமதத்தை ரேமில் உள்ள துண்டு மறைத்துவிடுவதுதான் இதன் சூட்சுமம். அதனுடன் வந்த பியானோவே ஏறத்தாழ ஒரு கிகாபைட்; லூப் ஏதுமின்றி ஸ்வரங்கள் தாமாகவே தேய்ந்து அடங்கின. விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதையில் போனால் தாமதம் பொறுக்க முடியாத அளவுக்குப் போகும் என்பதால், கிகாசாம்ப்ளர் அதைத் தவிர்த்து, இயங்குதளத்தின் அடித்தளத்திலேயே ஓடியது. அதற்கென ஜி.எஸ்.ஐ.எஃப். என்ற தனி டிரைவர் முறையும் உருவாயிற்று.

இந்தத் திறமையே சிக்கலையும் கொண்டுவந்தது. சீக்வென்சர்கள் ஸ்டைன்பெர்க் 1997-இல் கொண்டுவந்த ஏசியோ டிரைவரைக் கேட்டன, கிகாசாம்ப்ளர் ஜி.எஸ்.ஐ.எஃப்.-ஐக் கேட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் அனுமதிக்காத கார்டில், முதலில் திறந்த மென்பொருளுக்கு ஒலி வரும், அடுத்தது ஊமையாகிவிடும். 'மல்டிகிளையன்ட்' டிரைவர் உள்ள கார்டுகளுக்கு அந்நாளில் தனி மதிப்பு இருந்தது இதனால்தான். அப்படிப்பட்ட கார்டில் 1, 2 வெளியீடுகளைச் சீக்வென்சருக்கும் 3, 4 வெளியீடுகளைச் சாம்பிளருக்கும் ஒதுக்கி, வெளியே ஒரு மிக்சரில் இரண்டையும் கலந்தார்கள்.

மிடிக்குக் கேபிள் வேண்டியதில்லை. சீக்வென்சரின் வெளியீட்டுப் பட்டியலில் கிகாசாம்ப்ளரும் ஒரு போர்ட்டாகத் தெரியும். மற்ற மென்பொருள் கருவிகளுக்கு ஹூபிஸ் லூப்பேக், மிடி யோக் போன்ற சிறு இணைப்பு மென்பொருள்கள் உதவின. இவற்றில் கவனம் தேவைப்பட்டது. அனுப்பும் போர்ட்டையே சீக்வென்சர் தன் உள்ளீடாகவும் கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு ஸ்வரம் வெளியே போய், உள்ளே வந்து, மறுபடி வெளியே போய் முடிவின்றிச் சுற்றும், கணினி உறைந்துவிடும். சாம்பிள்களுக்குத் தனி ஹார்ட் டிஸ்க், பதிவுத் தடங்களுக்கு இன்னொன்று என்று வைப்பது அடுத்த பாடம். விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபின் 'பேக்கிரவுண்ட் சர்வீஸ்'களுக்கு முன்னுரிமை தரும்படி அமைப்பை மாற்றுவதும் வழக்கமாயிற்று. ஒலி டிரைவரின் வேலை பின்னணியில்தான் நடக்கிறது என்பது அதற்குக் காரணம்.

நிலையான தீர்வு இன்னொரு திசையிலிருந்து வந்தது. ஸ்டைன்பெர்க் 1999-இல் வி.எஸ்.டி. என்ற தன் பிளக்-இன் முறையை விரிவாக்கி, இசைக்கருவிகளையே சீக்வென்சருக்குள் செருகும் பிளக்-இன்களாக ஆக்கியது. இதில் சாம்பிளர் தனி மென்பொருளே அல்ல. சீக்வென்சர் அதை ஒவ்வொரு முறையும் அழைத்து, உதாரணமாக அடுத்த 256 அளவீட்டுப் புள்ளிகளுக்கான ஒலியைத் தரச் சொல்கிறது. அதற்குள் எந்த இடத்தில் எந்த ஸ்வரம் தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சவுண்ட் கார்டுக்குப் போட்டியில்லை. மிடி கேபிளின் நெரிசலும் இல்லை. பாட்டைச் சேமித்தால் சாம்பிளரின் அமைப்புகளும் அதே கோப்பில் சேமிக்கப்பட்டுவிடும். எமாஜிக்கின் இ.எக்ஸ்.எஸ்.24, ஸ்டைன்பெர்க்கின் ஹேலியன், 2002-இல் நேட்டிவ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் கான்டாக்ட் எனச் சீக்வென்சருக்குள்ளேயே வாழும் சாம்பிளர்கள் வரிசையாக வந்தன. ஹார்ட் டிஸ்கிலிருந்து ஓடவிடும் முறையையும் அவை ஏற்றுக்கொண்டன.

திரைப்பட இசையமைப்பாளர்கள் மட்டும் மேலும் சில ஆண்டுகள் எதிர்த்திசையில் போனார்கள். கிகாசாம்ப்ளரின் வாரிசான கிகாஸ்டூடியோவை ஏற்றிய கணினிகளை வரிசையாக அடுக்கி, வயலின்களுக்கு ஒன்று, பித்தளை ஊதுவாத்தியங்களுக்கு ஒன்று என்று ஒதுக்கினார்கள். 32 பிட் விண்டோஸ் ஒரு மென்பொருளுக்கு வழக்கமாக 2 கிகாபைட் நினைவகமே தரும் என்பதால் வேறு வழியில்லை. வியன்னா சிம்ஃபானிக் லைப்ரரி போன்ற தொகுப்புகளின் முதல் துண்டுகளை ஏற்றவே அது போதவில்லை. 64 பிட் கணினிகள் பரவியபின் அந்த வரம்பு விலகியது. கிகாஸ்டூடியோ அந்தக் காலம் வரை நீடிக்கவில்லை. நெமசிஸை 2001-இல் வாங்கியிருந்த டாஸ்காம், 2008-இல் அந்த மென்பொருளை நிறுத்திவிட்டது.

லினக்ஸ் உலகம் பிளக்-இன் வழியை மட்டும் நம்பியிருக்கவில்லை. அங்கே ஜாக் என்ற பொது ஒலி இணைப்பகம் சவுண்ட் கார்டைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, எல்லா மென்பொருள்களுக்கும் ஒரே காலக்கணக்கில் ஒலியைப் பங்கிடுகிறது. சாம்பிளரும் சீக்வென்சரும் தனித்தனி மென்பொருள்களாகவே இருந்து, சண்டையின்றி ஒரே கார்டில் ஒலிக்கின்றன. கிகாசாம்ப்ளருக்காக உருவான ஜிக் கோப்புகளை லினக்ஸ்சாம்ப்ளர் இந்த முறையில் இன்றும் வாசிக்கிறது.