வைரம் வந்த வழி



தீபாவளி நெருங்கிவிட்டால் சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழுகல் தோடும் வைர மூக்குத்தியும் மின்னும். "எத்தனை காரட்? கொஞ்சம் விலை குறைப்பீங்களா?" என்று கேட்கிறோம். "இது எந்த மண்ணிலிருந்து வந்தது?" என்று கேட்பவர் எத்தனை பேர்? தமிழில் வைரம் என்றால் மணி. பகை என்றும் ஒரு பொருள் உண்டு. பகைவனை வைரி என்கிறோமல்லவா? அந்த இரண்டு பொருளும் ஒன்றாய்க் கலந்த வரலாற்றைப் பார்ப்போம், வாருங்கள்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகுக்கு வைரம் தந்தது பெரும்பாலும் இந்தியாதான். கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆண், பெண், பிள்ளைகளாக ஏறத்தாழ 60,000 பேர் உழைத்ததாகப் பிரெஞ்சு வணிகர் தவர்னியே எழுதி வைத்தார். 1702-இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநர் தாமஸ் பிட், ஜம்சந்த் என்ற வணிகரிடம் 410 காரட் கல் ஒன்றை வாங்கினார். 1717-இல் அது பிரெஞ்சு அரசுக்குப் போயிற்று. இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாங்கினவர் பெயர் தெரியும், விற்றவர் பெயர் தெரியும். தோண்டி எடுத்தவன் பெயர்? அது மட்டும் தெரியாது! ஓர் அடிமை அதைத் தன் கால் காயத்துக்குள் ஒளித்துக் கொண்டு தப்பினான், கப்பல்காரன் அவனைக் கொன்று பறித்தான் என்று ஒரு கதைதான் உலவுகிறது.

இனி ஆப்பிரிக்காவுக்குப் போவோம். சியரா லியோனில் 1930-இல் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கோனோ வட்டாரத்தில் ஆற்று மணலிலேயே கல் கிடைக்கும். மண்வெட்டியும் சல்லடையும் போதும். அதுவே வினையாயிற்று. 1991-இல் உள்நாட்டுப் போர் மூண்டபின், கிளர்ச்சிப் படையினர் துப்பாக்கி முனையில் ஊர்மக்களைத் தோண்ட வைத்தார்கள். கல் லைபீரியா வழியே போனது. ஆயுதம் திரும்பி வந்தது. பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகள் துப்பாக்கி தூக்கினார்கள். எத்தனையோ அப்பாவிகளின் கைகள் வெட்டப்பட்டன. 2002-இல் போர் ஓய்வதற்குள் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டதாகக் கணக்கு. ஐ.நா. அமைதிப் படையில் சென்ற 200-க்கு மேற்பட்ட இந்திய வீரர்களும் 2000-ஆம் ஆண்டு கைலாஹூனில் இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகையில் சிக்கி மீண்டார்கள். 2006-இல் வந்த 'பிளட் டைமண்ட்' படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அதில் வரும் மீனவர் கற்பனைதான்; அவர் பட்ட துன்பம் கற்பனையல்ல.

உலகம் கண் விழித்தது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் 2000-இல் தொடங்கிய பேச்சு, 2003-இல் ஒரு திட்டமாக நடப்புக்கு வந்தது. பட்டை தீட்டாத வைரம் முத்திரையிட்ட பெட்டியில், அரசாங்கச் சான்றிதழோடுதான் எல்லை தாண்டவேண்டும். துறைமுகத்தால் வாழும் நம் சிங்கப்பூரும் 2004-இல் இதற்கென்று சட்டம் இயற்றியது. பல நாட்டுச் சரக்கும் கடந்து போகும் வாசலில் காவல் வேண்டாமா?

ஆனால் இந்த வேலியிலும் ஓட்டை உண்டு. கிளர்ச்சிக்காரர்களுக்குப் பணமாகும் கல்லைத்தான் 'போர் வைரம்' என்று திட்டம் சொல்கிறது. 2008-இல் ஜிம்பாப்வேயின் மராங்கேயில் வைரம் தோண்டியவர்களை அரசாங்கப் படையே சுட்டுக் கொன்றது. அந்த வரையறைக்குள் அது அடங்கவில்லை. மேலும், உலக வைரங்களில் பெரும்பகுதி சூரத்தில் பட்டை தீட்டப்படுகிறது. தீட்டித் தோட்டில் பதித்தபின், எந்த ஊர்க் கல் என்று பார்த்த பார்வையில் யாரால் சொல்ல முடியும்?

அதற்காக வைரமே ஆகாது என்று சொல்லவில்லை. போட்ஸ்வானா தன் வைர வருமானத்தைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவிட்டு முன்னேறிய நாடு. குற்றம் கல்லில் இல்லை. கேள்வி கேட்காத மனிதரிடம் இருக்கிறது.

பாண்டியன் கதை நமக்குத் தெரியாததா? சிலம்பு யாருடையது என்று ஆராயாமல் ஆணையிட்டான். உடைத்துப் பார்த்தபோது உள்ளே மாணிக்கம் தெரிந்தது. அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. ஆகவே மாணவச் செல்வங்களே, அடுத்த முறை அம்மாவோடு கடைக்குப் போனால், விலையைக் கேட்கும் முன் கல் வந்த வழியைக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஊரே கேட்டால் பதில் தேடித்தானே ஆகவேண்டும்!