தயிர் பிசைந்த விரலும் தாளித்த புகையும்: ஐம்புலனுக்கும் விருந்து வைத்த பழந்தமிழ்க் கவிதை



எமது வானொலிக்கு நேயர்கள் அனுப்பிவைக்கும் கவிதைகளிலே சில சொற்கள் அடிக்கடி வருகின்றன. தாய்மண், வலி, கனவு, விடியல் என்பன அவை. எழுதியவர்களின் உணர்ச்சி உண்மையானது. அதிலே எவருக்கும் ஐயமில்லை. ஆனால் இந்த நாட்டிலே பிறந்த பிள்ளை ஒன்று அக்கவிதையைக் கேட்டால், அந்த மண்ணுக்கு என்ன மணம், அங்கே விடியற்காலையில் எந்தச் சத்தம் கேட்கும், அந்தத் தண்ணீருக்கு என்ன சுவை என்று அறிந்துகொள்ள வழியில்லை. இந்தக் குறையை நிரப்ப நாம் வெளியே எங்கும் போகவேண்டியதில்லை. எமது மொழியிலேயே ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பாடம் இருக்கின்றது. இம்மாதம் அதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் தொல்காப்பியம். இலக்கண நூல் என்று பயந்து ஒதுக்கிவைத்த இந்த நூலின் மரபியலிலே உயிர்களை அறிவின்படி வகுத்திருக்கிறார்கள். புல்லுக்கும் மரத்துக்கும் தொடுகை என்ற ஓரறிவு. நத்தை போன்றவற்றுக்கு அதனோடு சுவை. எறும்புக்கு மணம் மூன்றாவது. நண்டுக்கும் தும்பிக்கும் பார்வை நான்காவது. விலங்குகளுக்குக் கேள்வி ஐந்தாவது. மனிதருக்கு மனம் ஆறாவது. இந்த வரிசையிலே மனம் கடைசியாகத்தான் வருகின்றது. தோலும் நாவும் மூக்கும் கண்ணும் காதும் கடந்த பிறகே மனத்துக்கு வருகிறோம். நாமோ கவிதை எழுதும்போது நேரே மனத்திலே தொடங்கிவிடுகிறோம்.

அதே நூல் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் என்று ஒரு பட்டியல் தருகின்றது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பன அதில் அடங்கும். உணவு நாவுக்கு. பறையும் யாழும் காதுக்கு. மரமும் அதன் பூவும் கண்ணுக்கும் மூக்குக்கும். பின்னாளில் வந்த நம்பியகப்பொருள் இவற்றை இன்னும் விரித்துச் சொல்கின்றது. எங்களில் பலர் பிறந்த கரையோர ஊர்களைப் போன்ற நெய்தல் நிலத்துக்கு அது சொல்லும் மரங்களிலே புன்னையும் கண்டலும் உண்டு. பறவை கடற்காகம். உணவு மீனும் உப்பும் விற்று வாங்கியது. யாழ் விளரி யாழ். பிரிந்தவருக்காகக் காத்திருக்கும் துயரத்தைப் பாடவந்த புலவர் ஒருவர் "எனக்குத் துயரம்" என்று தனியே சொல்லத் தேவையில்லை. புன்னையையும் கடற்காகத்தையும் வைத்தாலே கேட்பவருக்கு விளங்கிவிடும்.

நான் தொழிலால் கணக்காளன். பற்றுச்சீட்டு இல்லாத செலவைக் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார். சங்கப் புலவர்களும் அப்படித்தான். ஓர் உணர்ச்சியைச் சொன்னால் அதற்குச் சான்று வைப்பார்கள். குறுந்தொகை 167ஆம் பாடலைப் பாருங்கள். பாடியவர் கூடலூர் கிழார். ஆறே அடிகள். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய மகளின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், தான் கண்டதைப் பெற்ற தாய்க்குச் சொல்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரல்களை அந்தப் பெண் உடுத்திருந்த துணியிலேயே துடைத்துவிட்டாள். துணியை மாற்றவும் நேரமில்லை. தாளித்த புகை மை தீட்டிய கண்ணை நிறைக்கின்றது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகத்திலே மெல்லியதாக ஒரு மகிழ்ச்சி.

இனிக் கணக்குப் பார்ப்போம். தயிர் தொடுகைக்கு. புகை மூக்குக்கும் எரியும் கண்ணுக்கும். புளிக்குழம்பு நாவுக்கு. இனிது என்பது காதுக்கு. கடைசியிலே கண்ட முகம் பார்வைக்கு. மகிழ்ச்சி என்ற மனத்தின் செய்தி எல்லாவற்றுக்கும் பிறகே வருகின்றது. அதனால்தான் நாம் அதை நம்புகிறோம்.

இன்னொரு பாடல் குறுந்தொகை 138. பாடியவர் கொல்லன் அழிசி. ஊர் முழுவதும் உறங்கிவிட்டது. உறங்காமல் காத்திருந்தவர்களுக்கு வீட்டருகே நொச்சிப் பூ உதிர்கின்ற ஓசை கேட்கின்றது. பூ விழும் ஓசை கேட்டதென்றால் அந்த இரவு எவ்வளவு அமைதியாக இருந்திருக்கும், அவர்கள் எவ்வளவு நேரம் விழித்திருந்திருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள். இந்தத் தொகை நூல்களிலே ஈழத்துப் பூதன்தேவனார் என்ற பெயரிலும் பாடல்கள் உள்ளன. குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலும் அவர் இருக்கிறார்.

இந்தக் கவிதைகள் எம் கைக்கு வந்த கதையும் ஒரு தொடுகையின் கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அவை தொட்டால் உதிரும் ஓலைகளில் இருந்தன. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) அந்த ஓலைகளைத் தேடி ஒப்புநோக்கி, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இலும், உ. வே. சாமிநாதையர் தமது உரையுடன் 1937இலும் பதிப்பித்தார்கள்.

அந்த 1937ஆம் வருடப் பதிப்பின் ஒரு பிரதி அமெரிக்காவிலே சிக்காகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையிலே கிடந்தது. 1962இல் ஏ. கே. இராமானுசன் அதைக் கண்டெடுத்தார். 1967இல் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்திலே நூலாக்கினார். தமிழ் வாசிக்க இயலாத எமது பிள்ளைகளும் இன்று இந்தக் கவிதைகளை வாசிக்க முடிவதற்கு, பிறந்த மண்ணிலிருந்து வெகுதூரத்தில் இருந்த ஒருவர் பழைய புத்தகம் ஒன்றைத் திறந்து பார்த்ததும் ஒரு காரணம்.

ஆனால் அச்சேறியதெல்லாம் பத்திரம் என்று நாம் இருந்துவிட முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. எழுதியதற்கே அந்தக் கதி என்றால், எழுதாமல் எங்கள் அம்மம்மா, அப்பப்பாவின் நினைவிலே மட்டும் இருப்பவற்றை என்ன சொல்வது? நடுச்சாமத்தில் வளவுக்குள் பனம்பழம் விழும் சத்தம், துலாவின் முனகல், முதல் மழையில் நனைந்த கிடுகின் மணம், ஒடியற்கூழின் உறைப்பு, கடற்கரை மணல் வெறுங்காலைச் சுட்ட சூடு ஆகியவை எந்த நூலகத்திலே இருக்கின்றன? அவர்களோடு அவையும் போய்விடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒரு கொப்பியை எடுத்து ஐந்து நிரல்கள் கீறுங்கள். தொடுகை, சுவை, மணம், காட்சி, ஓசை என்று தலைப்பிடுங்கள். பிள்ளைகள் கேட்க, பெரியவர்கள் சொல்லட்டும். ஊரைப் பற்றி மட்டுமல்ல, வந்த வழியில் தங்கிய முகாமைப் பற்றியும் இந்த நாட்டில் கழித்த முதற் குளிர்காலத்தைப் பற்றியும் கேளுங்கள். பிள்ளைகள் தாம் பிறந்த இந்த நகரத்துக்கும் ஐந்து நிரல்கள் எழுதட்டும். இது அவர்களுடைய நிலம் அல்லவா? மனம் என்ற ஆறாவது நிரலை இப்போதைக்கு வெறுமையாக விடுங்கள். மற்ற ஐந்தும் நிரம்பினால் கவிதைக்கு வேண்டிய பொருள் கையில் இருக்கும்.

எழுதியவற்றை எமது நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள். எழுத இயலாத பெரியவர்கள் நேரிலே வந்தால் ஒலிப்பதிவு செய்துகொள்வோம். மீண்டும் அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.