முகவரி இல்லாதோரும் முகவரி அறிவிக்கும் சட்டமும்

தண்டனை அனுபவித்து விடுதலையானவர் தாம் வசிக்கும் இடத்தைப் பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி இலங்கைக்குப் புதியதன்று. மீண்டும் குற்றவாளியாகக் காணப்படுவோரைப் பொலிஸ் மேற்பார்வையில் வைக்க 1926ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டம் இடமளிக்கின்றது. மேற்பார்வைக்கு உட்பட்டவர் தமது வசிப்பிடத்தையும், அதை மாற்றினால் புதிய இடத்தையும் அறிவிக்கக் கடமைப்பட்டவர். அறிவிக்கத் தவறினால் அதுவே வேறொரு குற்றமாகிவிடும். இங்கிலாந்தின் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலில் அமைந்த இந்த ஏற்பாடு, வீதிக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் உள்ள சமூகத்தை மனத்திற்கொண்டு பிறந்ததாகும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் நிலைமை வேறு. காவத்தை, றக்வானை, பலாங்கொடை முதல் தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை வரை பெரும்பாலான லயன் காம்பராக்களுக்குத் தனித்தனி இலக்கம் கிடையாது. பெயர், பிரிவு, தோட்டம், தபாலகம் என்ற நான்கு சொற்களே முகவரி. பல தோட்டங்களில் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்துதான் உரியவரின் கைக்குப் போகின்றது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடைய மூவர் நால்வர் இருப்பதும் உண்டு. அழைப்பாணை உரியவரிடம் சேராமல், அவர் நீதிமன்றுக்குச் செல்லாதிருந்தால், அடுத்து வருவது பிடியாணையே.

இதனினும் சிக்கலானது வீட்டுரிமை. லயன் வீடு தொழிலோடு பிணைந்தது. சிறை சென்றவர் திரும்பி வரும்போது தோட்டத்தில் பெயர் இருப்பதில்லை. அண்ணன் வீட்டில் சில நாள், மாமன் தோட்டத்தில் சில நாள், பிறகு கொழும்பில் கூலி வேலை என அலைகின்றார். அவரிடம் ‘நிரந்தர வசிப்பிடம் எது’ என்று கேட்டால் என்ன எழுதுவார்? கிராம உத்தியோகத்தரின் வதிவிட அத்தாட்சிப்பத்திரம் பெறுவதற்கும் இதே தடைதான். பிணை எடுக்க வந்தவர்களும் இந்த அத்தாட்சிக்காக நாட்கணக்கில் அலைந்ததை நாம் அறிவோம்.

இத்தகைய வழக்குகள் வெளிநாடுகளில் நீதிமன்றங்களுக்குச் சென்றுள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், தங்குமிடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட வீடற்ற ஒருவர், பாலியல் குற்றவாளிகளுக்கான பதிவுச் சட்டத்தின்படி புதிய முகவரியை 72 மணித்தியாலத்துள் அறிவிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டார். வீதி முகவரி கேட்ட அச்சட்டம், வீதி முகவரியே இல்லாதவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அத்தகையவரைப் பொறுத்தவரை அந்த ஏற்பாடு தெளிவற்றது, ஆகவே அரசியலமைப்புக்கு முரணானது என 2008இல் அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரித்தானியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடயத்தில் முன்யோசனை உடையது. வீடில்லாதவர் தம்மை வழமையாகக் காணக்கூடிய இடத்தை அறிவித்தால் போதும். 2012 முதல் அத்தகையோர் வாரந்தோறும் அறிவிக்க வேண்டியுள்ளது. மீளாய்வே இன்றி வாழ்நாள் முழுவதும் பதிவில் வைத்திருப்பது தனிப்பட்ட வாழ்வுக்கான உரிமைக்கு முரணானது என்று 2010இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கூறியதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

பதிவு விதியே வேண்டாம் என்பது நமது நிலைப்பாடல்ல. ஒரு சுவரைப் பத்துக் குடும்பங்கள் பகிரும் லயத்தில், சிறுமிக்குத் தீங்கிழைத்தவன் விடுதலையாகி அடுத்த காம்பராவுக்கே திரும்பி வரக்கூடும். அவன் எங்கே இருக்கின்றான் என்பது பொலிஸாருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென அத்தாய் கேட்பது நியாயமே. ஆனால் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதிய பதிவேடு அவளுக்குப் பாதுகாப்புத் தராது. ஆயிரம் பேர் வாழும் தோட்டத்தில் அது யாரையும் சுட்டாது. சுட்டினாலும், அதே பெயருடைய வேறொருவரைச் சுட்டிவிடும் அபாயம் உண்டு.

விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14(1)(ஏ) உறுப்புரை பிரசைகளுக்கு வழங்குகின்றது. அதை மட்டுப்படுத்துவதாயின் சட்டத்தின் வழியாகவே செய்யலாம். மீறல் நிகழ்ந்தால் 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் ஒரு மாதத்துள் மனுச் செய்ய வேண்டும். றக்வானைத் தொழிலாளி ஒருவர் நாட்சம்பளத்தை விட்டுக் கொழும்பு சென்று, சட்டத்தரணியைத் தேடி, ஒரு மாதத்துள் மனுவைத் தாக்கல் செய்வது நடைமுறையில் எவ்வளவு சாத்தியம் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

லயன் வீடுகளுக்கு இலக்கமிடுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. தோட்டப்புறங்களில் பிரதேச சபைகள் பணி செய்வதற்கு இருந்த சட்டத் தடையும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிவிட்டது. அது நிறைவேறும்வரை, வழமையாகக் காணக்கூடிய இடத்தை வசிப்பிடமாக ஏற்கும் வாசகம் நமது சட்டத்திலும் சேர்க்கப்பட வேண்டும். வசிப்பிடத்தை அறிவிக்க வருபவருக்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டுத் தமிழில் வழங்கப்படுவதும் அவசியம். ‘அறிவித்தேன்’ என்று பின்னர் நீதவான் முன் கூறுவதற்கு அவரிடம் வேறு சான்று இராது.