உப்பு, சோடியம், அப்புறம் எங்க அப்பா

போன மாசம் ஆபீஸ் மெடிக்கல் செக்கப்ல எனக்கு பிபி 160/100. வயசு 28. நைட் ஷிஃப்ட், காபி, டென்ஷன்னு நானே காரணம் கண்டுபிடிச்சுக்கிட்டேன். அணுபுரத்துக்கு போன் பண்ணினா அம்மா உடனே மாவடுவுக்குத் தடா போட்டுட்டாங்க. (பொட்டி தட்டுறவனுக்கு தயிர்சாதமும் மாவடுவும்தானே சொத்து!) அப்பாவுக்கும் 12 வருஷமா பிபி, மூணு மாத்திரை. "பரம்பரைடா"ன்னு முடிச்சுட்டார். டாக்டர் மட்டும், "இந்த வயசுல இவ்வளவுன்னா ஆல்டோஸ்டிரோன், ரெனின் ரெண்டையும் பார்த்துடலாம்"னார். பேரே புதுசா இருக்கேன்னு தோண்டினா, கதை எங்க ஊர் வாசல்ல வந்து நிக்குது மக்களே.

முதல்ல விஷயம். சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பியோட ஹார்மோன்தான் ஆல்டோஸ்டிரோன். சோடியத்தைப் பிடிச்சு வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளுன்னு சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும். உப்பு தங்கினா தண்ணியும் தங்கும், பிபி ஏறும். வழக்கமா ரெனின்தான் இதுக்கு மேலதிகாரி. சிலருக்கு அட்ரினல் யாரையும் கேட்காம சுரக்கும். அப்போ ரெனின் சுருண்டு படுத்துடும்.

இந்த ஹார்மோனைப் பிடிச்சது லண்டன்ல சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெயிட்டும். டெயிட் இயற்பியல்காரர். அட்ரினல் நீக்கின எலிக்கு அட்ரினல் சாறை ஊசி போட்டு, கூடவே கதிரியக்க சோடியம்-24, பொட்டாசியம்-42 கொடுத்து, சிறுநீர்ல எது எவ்வளவு வருதுன்னு எண்ணினாங்க.

சோடியம்-24! இதைச் சொன்னதும் அப்பா சிரிச்சுட்டார். கல்பாக்கத்துல 1985ல இயங்க ஆரம்பிச்ச சோதனை வேக ஈனுலையைக் குளிர வைக்கிறதே உருகின சோடியம்தான். நியூட்ரான் பட்டா அதுல கொஞ்சம் சோடியம்-24 ஆகும், 15 மணி நேரத்துல பாதி அழிஞ்சுடும். அப்பா வேலை பார்க்கிறது அந்தப் பக்கம்தான். எங்க வீட்ல சோடியம்னா அம்மாவுக்கு உப்பு ஜாடி, அப்பாவுக்கு உலை.

1953ல சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் குழுவோட சேர்ந்து, சுமார் 500 கிலோ மாட்டு அட்ரினல்ல இருந்து 20 மில்லிகிராம் பக்கம் படிகமா பிரிச்சாங்க. (சிம்ப்சனும் டெயிட்டும் 1956ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. எலி மூத்திரம் வளர்த்த காதல் :-))

அடுத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஜெரோம் கான். இரண்டாம் உலகப்போர் சமயத்துல, பசிபிக் தீவுகளோட புழுக்கத்துக்கு சிப்பாய் உடம்பு எப்படிப் பழகுதுன்னு ஆராய்ஞ்சவர். பழகப் பழக வேர்வையில உப்பு குறையுது, அட்ரினல்தான் காரணம்னு கண்டார். (நம்ம கடற்கரை சித்திரை வெயில்ல தினமும் நடக்கிற சங்கதி.) 1954ல 34 வயசுப் பெண் ஒருத்தர் அவர்கிட்ட வர்றார். பல வருஷமா தசை இழுப்பு, திடீர்னு கால் செயலிழக்கும், பிபி 176/104, பொட்டாசியம் தரைமட்டம். வேர்வையை சோதிச்சா சோடியம் ரொம்பக் கம்மி! கானுக்கு பொறி தட்டிடுச்சு. டிசம்பர்ல ஆபரேஷன். ரெண்டு அட்ரினலையும் எடுக்கத் தயாரா திறந்தாங்க, வலதுல 4 செ.மீ. கட்டி. அதை மட்டும் எடுத்ததும் அந்தம்மா தேறிட்டாங்க. நோய்க்கு கான் பேரே வந்துடுச்சு.

இவருக்கு முன்னாடியே 1953ல லித்தின்ஸ்கிங்கிற போலந்து டாக்டர், அட்ரினல் கட்டியால பிபி வந்த ரெண்டு பேரைப் பத்தி எழுதியிருந்தார். தாய்மொழியில எழுதினதால வெளியுலகம் கவனிக்கல. தமிழ்ல எழுதுற நமக்கு அந்த வலி புரியாதா என்ன!

1960கள்ல கான், பிபி உள்ளவங்கள்ல 20 சதவீதம் வரை இதனால இருக்கலாம்னார். யாரும் நம்பல, நூத்துல ஒண்ணுகூட தேறாதுன்னாங்க. பொட்டாசியம் குறைஞ்சவங்களை மட்டும் சோதிச்சா அப்படித்தான் தெரியும். 1990கள்ல ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன்ல கார்டன் குழு, ஆல்டோஸ்டிரோன்-ரெனின் விகிதத்தை வெச்சு சாதாரண பிபிக்காரங்களையும் சோதிச்சாங்க. பொட்டாசியம் சரியா இருந்தவங்களே நிறைய பேர் சிக்கினாங்க. 2020ல வந்த அமெரிக்க ஆய்வுல, மாத்திரைக்கு அடங்காத பிபி உள்ளவங்கள்ல ஐந்துல ஒருத்தர் பக்கம். கான் 1994லயே போயிட்டார். 2025ல எண்டோகிரைன் சொசைட்டி, பிபி உள்ள எல்லாருக்குமே இந்த ரத்தப் பரிசோதனை செய்யலாம்னு பரிந்துரைச்சுது. கட்டி ஒரு பக்கம்னா ஆபரேஷன், ரெண்டு பக்கமும் சுரந்தா 1960 வாக்குல வந்த ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை இன்னும் இருக்கு.

என் ரிசல்ட் வியாழக்கிழமை வரும். நேத்து இதையெல்லாம் போன்ல சொல்லிக்கிட்டிருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவா, "ராத்திரியில கெண்டைக்கால் இழுக்குதுன்னு சொல்வேனே, அதுகூட இதுல வருமாடா?"ன்னார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க சாமிகளா!