கொட்டியாரக் குடாவும் கருமணலும்

மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புதிய மரம் தேடிக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் மூதூர்ப் பக்கம் கரையிறங்கியவர்களைக் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவரான ரொபர்ட் நொக்ஸ் 1679-இல்தான் தப்பினார். 1681-இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதியவர் ரொபர்ட் ஹூக். நுணுக்குக்காட்டியில் தெள்ளுப்பூச்சியைப் பார்த்துப் பக்கம் நிறையப் படமாக வரைந்து உலகை வியக்க வைத்த அதே ஹூக்! சிறியதைப் பார்க்கும் கதைக்கு மூதூரிலிருந்து ஒரு நூல் ஓடுகிறது என்று சொன்னால் அது முழுக்கக் கற்பனையல்ல.

நொக்ஸ் இறங்கிய அந்தக் குடாவில்தான் மகாவலி கடலில் சேர்கிறது. மலைநாட்டுப் பாறைகளைத் தேய்த்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டியதே கிழக்குக் கரையின் கருமணல். அலை இலேசான மணலை இழுத்துக்கொள்ளும். பாரமானதை விட்டுவிட்டுப் போகும். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில் அது கரையையே கறுப்பாக்கிக் கிடக்கிறது.

அந்த மணலைத் தொழிலாக்க 1957-இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைந்தது. பிரிக்கும் வேலை காந்தத்தினுடையது. வலுக்குறைந்த காந்தம் மக்னற்றைற் என்ற கனிமத்தை முதலில் பிடுங்கிவிடும். இல்மனைற் என்ற கனிமத்துக்கு வலுக்கூடிய காந்தம் வேண்டும். ரூட்டைலும் சிர்க்கோனும் எதிலும் ஒட்டாமல் நழுவிப்போகும்.

இல்மனைற்றை இப்படி அரைகுறைக் காந்தம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது ஹெமற்றைற் என்ற இன்னொரு கனிமத்தோடு கலந்த பாறை மெல்ல ஆறும்போது, இரண்டும் சில நனோமீற்றர் தடிப்புள்ள படைகளாகப் பிரிந்து அடுக்கடுக்காக உறைந்துவிடுகின்றன. தனித்தனியே இரண்டும் சோணங்கிகள்தான். ஆனால் படைகள் தொட்டுக்கொள்ளும் எல்லையில் நிலையான காந்தம் பிறக்கிறது. 2002-இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கியவர்கள் அதற்குப் 'படைக் காந்தம்' என்ற பொருளில் பெயரிட்டார்கள்.

இயற்கை எந்தக் காலத்திலோ பாறைக்குள் செய்து வைத்த அந்த அடுக்கு வேலையை மனிதர் ஆய்வுகூடத்தில் வேறு உலோகங்களால் செய்தது 1988-இல். பிரான்சில் அல்பேர் ஃபேரும் ஜேர்மனியில் பீற்றர் குருன்பேர்க்கும் இரும்புப் படைகளுக்கு நடுவே நனோமீற்றர் கணக்கில் மெல்லிய குரோமியம் வைத்தார்கள். எதிரெதிராக நின்ற இரும்புப் படைகளின் காந்தத்தை வெளிக்காந்தம் ஒரே திசைக்குத் திருப்பியதும் மின்தடை சட்டென்று விழுந்தது. மிகச் சிறிய காந்தப் புள்ளியையும் மின்சாரத்தால் வாசிக்க வழி கிடைத்துவிட்டது. இருவருக்கும் 2007-இல் நோபல் பரிசு. அதற்கு முன்பே, 1997-இல், ஐபிஎம் இந்த முறையில் வாசிக்கும் முனையை வன்தட்டில் வைத்து விற்கத் தொடங்கியிருந்தது, அன்றைக்கு 16.8 ஜிகாபைட் என்பது பெரிய கொள்ளளவு.

அதே 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிட்டி' கப்பல் உள்நாட்டுப் போரில் தாக்கப்பட்டது. மணல் ஏற்றுமதி முடங்கிப்போனது. ஓர் ஆண்டு, இரண்டு உலகங்கள்.

இல்மனைற்–ஹெமற்றைற் கலவை குறைகடத்தியாகவும் காந்தமாகவும் ஒரே நேரத்தில் நடந்துகொள்வதால், இலத்திரனின் சுழற்சியைப் பயன்படுத்தும் கருவிகளுக்கு அது உதவுமா என்று பல நாட்டு ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் தொடங்கப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனத்தின் ஆய்வுப் பட்டியலிலும் உள்ளூர்க் கனிமங்கள் இருக்கின்றன. ஆனாலும் புல்மோட்டையின் இல்மனைற்றில் பெரும்பங்கு, வெள்ளை நிறமி செய்யும் வெளிநாட்டு ஆலைகளுக்காக, இன்னமும் மணலாகவே கப்பல் ஏறுகிறது.