பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம்

பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் (சுருக்கமாகப் பிம்) என்பது தமிழ்நாட்டில், திருச்சிராப்பள்ளியில் 1984 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மேலாண்மைப் பள்ளி ஆகும். இது பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயர்சிறப்புப் பள்ளியாக நிறுவப்பட்டது. எனினும் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகத்தில் அல்லாமல், கைலாசபுரம் நகரியத்தை உள்ளடக்கிய பாரத மிகுமின் நிறுவன (பெல்) வளாகத்திலேயே இப்பள்ளி வளர்ந்தது. கொதிகலன் தொழிற்சாலைக்கு அருகில் ஒரு மேலாண்மைப் பள்ளி அமைந்தது தற்செயல் அன்று. தொழில்நுட்பத்தையும் மேலாண்மையையும் பிரித்துப் பார்க்க இயலாத சிக்கல்கள் நாள்தோறும் எழும் இடம் அது.

தோற்றம்

பெல் நிறுவனம் 1964 இல் உருவானது. திருச்சிராப்பள்ளி, ஐதராபாத், அரித்துவார் ஆகிய மூன்று தொழிற்சாலைகள் அதன் தொடக்க கால உறுப்புகள். இவற்றுள் திருச்சி ஆலை, அன்றைய செக்கோசிலோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியுடன் உயரழுத்தக் கொதிகலன்கள் செய்வதற்காக அமைக்கப்பட்டது. அதே 1964 இல், தஞ்சாவூர் சாலையில் சற்றுக் கிழக்கே துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி (2003 முதல் தேசியத் தொழில்நுட்பக் கழகம்) தொடங்கப்பட்டது. அதன் முதல் முதல்வர் பேராசிரியர் பி. எஸ். மணிசுந்தரம். 1982 இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் துணைவேந்தரும் அவரே. ஒரு பொறியியல் கல்லூரியை உருவாக்கியவர், கலை அறிவியல் கல்லூரிகளைத் தன்னுடன் இணைத்திருந்த பல்கலைக்கழகத்தின் பொறுப்பை ஏற்றது இங்குக் கருதத்தக்கது. அவரது காலத்தில்தான் பிம் தொடங்கப்பட்டது.

அக்காலத்தில் இந்திய மேலாண்மைக் கழகங்கள் மிகச் சிலவே. கொல்கத்தாவும் அகமதாபாதும் 1961 இலும், பெங்களூர் 1973 இலும், இலக்னோ 1984 இலும் வந்தன. தமிழ்நாட்டில் அத்தகைய கழகம் 2011 வரை இல்லை. பிம் பள்ளியின் ஆட்சிக்குழுவில் தொழில்துறைத் தலைவர்களும் இடம்பெற்றனர். பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. முதன்மைப் படிப்பு ஈராண்டு முழுநேர எம்.பி.ஏ. ஆகும். சேர்க்கைக்குக் கேட் எனப்படும் மேலாண்மைப் பொது நுழைவுத் தேர்வு பயன்படுகிறது (பொறியியல் முதுநிலைக்கான கேட் வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவது ஒரு தொல்லை).

எம். எச். டி. வளாகம்

பிம் அமைந்த பகுதியின் பெயர் எம். எச். டி. வளாகம். இப்பெயர் காந்தப் பாய்ம இயக்கவியல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். வழக்கமான அனல்மின் நிலையத்தில் வெப்பம் நீராவியாகி, நீராவி சுழலியைச் சுழற்றி, சுழலி மின்னாக்கியை இயக்குகிறது. காந்தப் பாய்ம முறையில் சுழலும் பாகமே இல்லை. 2000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பநிலையில் மின்னணுக்கள் பிரிந்த வளிமத்தை ஒரு காந்தப் புலத்தின் ஊடாகப் பாய்ச்சி, நேரடியாக மின்சாரம் எடுப்பர். பாபா அணு ஆராய்ச்சி மையமும் பெல் நிறுவனமும் சோவியத் ஒன்றிய அறிவியலாளரின் ஒத்துழைப்புடன் இதற்கான 5 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட முன்னோடி ஆலையைத் திருச்சியில் அமைத்தன.

இயற்பியலாளர், எரிதல் வல்லுநர், வெண்களிப் பொருள் வல்லுநர், மின்பொறியாளர் ஆகிய எவரும் தனித்து இதைச் செய்திருக்க முடியாது. ஆனால் உலகில் எங்கும் இம்முறை வணிக நிலையை எட்டவில்லை. மின்முனைகள் விரைவில் அரிக்கப்பட்டன. வளிமச் சுழலியையும் நீராவிச் சுழலியையும் இணைத்த கூட்டுச் சுழற்சி நிலையங்கள் எளிய வழியில் உயர்திறனை அடைந்தன. ஓர் ஆய்வில் எவ்வளவு முதலிடுவது, எப்போது நிறுத்துவது என்பது இயற்பியல் மட்டும் விடைசொல்லும் கேள்வி அன்று. அவ்வகையில் மேலாண்மை மாணவர்க்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைப்பது அரிது.

பல்துறை, துறையிடை

இவ்விரு சொற்களும் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கப்பட்டாலும் வேறுபாடு உண்டு. ஒரே பொருளைப் பல துறையினர் தத்தம் முறையில் தனித்தனியே ஆராய்வது பல்துறை ஆய்வு. ஒரு துறையின் விடை மற்றொரு துறையின் கேள்வியையே மாற்றிவிடுமாறு இணைந்து ஆராய்வது துறையிடை ஆய்வு.

கொதிகலன் குழாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பெரிய கொதிகலனில் 20,000 பற்றவைப்பு இணைப்புகள் உள்ளன எனக் கொள்வோம். 10,000 இணைப்புகளுக்கு ஒன்று மட்டுமே குறையுடையது என்றாலும், சராசரியாக இரண்டு குறைகள் எஞ்சும். அவற்றுள் ஒன்று கசிந்தாலும் ஆலையை நிறுத்தி, குளிரவிட்டு, வெட்டி, மீண்டும் பற்றவைத்து, நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டும். 500 மெகாவாட் நிலையம் முழுத்திறனில் ஒரு நாளில் தருவது 1 கோடியே 20 இலட்சம் யூனிட் மின்சாரம். யூனிட் 4 ரூபாய் என்று வைத்தாலும், ஒரு நாள் நிறுத்தத்தின் இழப்பு 4 கோடியே 80 இலட்சம் ரூபாய்.

இனி, எத்தனை இணைப்புகளை ஊடுகதிர்ப் படம் எடுத்துச் சோதிப்பது? எல்லாவற்றையும் என்றால் செலவும் காலமும் கூடும். ஒப்பந்தத் தேதி தவறினால் தண்டத்தொகை உண்டு. எந்த வகை இணைப்பில் குறை மிகுதி என்பதை உலோகவியல் சொல்லும், மாதிரியெடுப்பைப் புள்ளியியல் சொல்லும், இழப்பைக் கணக்கியல் சொல்லும். சட்டம் தன் பங்குக்குச் சில சோதனைகளைக் கட்டாயமாக்குகிறது. 1975 இல் பெல் வளாகத்தில் தொடங்கப்பட்ட பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் இச்சிக்கலின் ஒரு பாதியை ஆராய்வது. மறுபாதி மேலாண்மைப் பள்ளியின் பாடம்.

துணைத் தொழிற்கூடங்கள்

துறையிடை அறிவின் தேவை திருச்சியில் ஏட்டளவில் நிற்பதன்று. பெல் ஆலையை நம்பித் துவாக்குடி, திருவெறும்பூர் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சிறு, நடுத்தர உருக்கு வடிவாக்கக் கூடங்கள் எழுந்தன. பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007–2012) அனல்மின் நிலைய ஆணைகள் குவிந்தன. பின்னர் அவை குறைந்தபோது, ஒரே வாங்குநரைச் சார்ந்திருந்த கூடங்கள் பல வேலையின்றி நின்றன. இயந்திரங்கள் இருந்தன, சான்று பெற்ற பற்றவைப்பாளர்களும் இருந்தனர், ஆணைகள்தாம் இல்லை.

இருக்கும் இயந்திரங்களைக் கொண்டு வேறு எதைச் செய்யலாம் என்பது பொறியியல் கேள்வி. அதை யார் வாங்குவர், அதுவரை வங்கிக் கடனை எவ்வாறு அடைப்பது என்பன மேலாண்மைக் கேள்விகள். ஒன்றுக்கு விடை காணாமல் மற்றதைத் தொடங்க முடியாது. 2019 சனவரியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழியில் திருச்சியும் ஒரு மையமாகச் சேர்க்கப்பட்டது. ஆயினும் கொதிகலன் உறுப்புகள் செய்த கூடம் பாதுகாப்புத் தளவாடங்களுக்கு மாற, புதிய தரச்சான்றுகளும் நீண்ட காத்திருப்பும் தேவை.

நடைமுறை இடர்கள்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணி, பதவி உயர்வு, முனைவர் பட்ட நெறியாளர் தகுதி ஆகியன பெரும்பாலும் துறை அடிப்படையிலேயே வரையறுக்கப்பட்டுள்ளன. இரு துறைகளுக்கு இடையே நிற்கும் ஆய்வேட்டுக்கு மதிப்பீட்டாளரைத் தேடுவதே ஒரு வேலை. 2020 தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியை வலியுறுத்துகிறது. மேலாண்மை வகுப்புகளில் பொறியியல் பட்டதாரிகள் மிகுந்திருப்பது பாதி உதவி, பாதி தடை. இயந்திரத்தை அவர்கள் எளிதில் புரிந்துகொள்வர். ஆனால் எல்லாச் சிக்கலுக்கும் ஒரே சரியான விடை உண்டு என்ற பழக்கமும் உடன் வரும்.

அண்டை நிறுவனங்கள்

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் மேலாண்மைத் துறை 1978 முதல் உள்ளது. பற்றவைப்புப் பொறியியலிலும், தொழிலகப் பொறியியல் மற்றும் மேலாண்மையிலும் அங்கு முதுநிலைப் படிப்புகள் உள்ளன. 2011 இல் தொடங்கிய திருச்சி இந்திய மேலாண்மைக் கழகம், புதுக்கோட்டைச் சாலையில் சூரியூர் அருகே சொந்த வளாகம் அமையும் வரை, இத்தொழில்நுட்பக் கழக வளாகத்திலேயே இயங்கியது.